கழி தட்டிய தரை

ஆரம்பாக்கம்
2.9.2024

அண்ணன் சுபாஷுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. உன் நலத்தை அம்மா தினமும் சித்தியிடம் போனில் சொல்கிறாள், நான் கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் ஸ்பீக்கரில் கேட்கிறது. உன் நம்பரை ப்ளாக் செய்துவிட்டேன் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் கத்துவேன், அம்மா பிடுங்கி அழுவாள். கடைசியில் யார் என்ன சொன்னோம் என்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. உனக்கு அதுதான் வசதி. எழுதி வைத்தால் இல்லை என்று சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் ஏன் வீட்டுக்கு வராமல் பொன்னியம்மாள் சித்தி வீட்டுக்கு வந்தேன் என்று ஊரில் கேட்கிறார்களாம். ஹைவே பக்கம், டாக்டரைப் பார்க்க வசதி என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதுவும் உண்மைதான். இன்னொரு உண்மை, உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை உனக்கு நினைவுபடுத்துகிறேன். ஏரி வடக்கே வற்றி வெடித்துக் கிடந்தது. லைட்ஹவுஸை முதுகுக்குப் பின்னால் வைத்து என் பைக்கை நேர் வடக்கே விட்டேன். நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய். நான் கரையோரமாக வளைக்கப் பார்த்தேன். நீ என் தோளைத் தட்டி, "நேரா விடு தர்ஷி. இது கழி தட்டுற தரை, எனக்குத் தெரியாதா?" என்றாய். மழைக்காலத்தில் கழி ஊன்றிப் படகு தள்ளும்போது எங்கே கழி புதையும், எங்கே தட்டும் என்று உனக்கு அத்துப்படி. ஏரியின் அடி உனக்குத் தெரிந்த மாதிரி ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்று நானும் நம்பினேன். விட்டேன். மேலே அப்பளம் மாதிரி காய்ந்த சேறு, கீழே குழி. முன்சக்கரம் அப்படியே இறங்கிவிட்டது. எனக்குத் தொடை எலும்பு போனது, உனக்கு வலது கை போனது.

ஊர் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "அவ தடுமாறிட்டா." இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை வைத்து ஆடி மாதக் கூட்டத்தில் சிங்காரம் மாமா ஊர்த் தலைவராக உட்கார்ந்து சட்டம் போட்டுவிட்டார், குப்பத்துப் பெண்கள் யாரும் இனி வண்டி ஓட்டக் கூடாது, வேலைக்குப் போவதற்குக்கூட. நீ அந்தக் கூட்டத்தில் கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். வாயுமா கட்டியிருந்தது?

ஐப்பசிக் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல். எனக்கு உன்னிடம் வேண்டியது அது ஒன்றுதான்.

தேவதர்ஷினி

&nbsp;

குப்பம்
11.9.2024

தேவதர்ஷினிக்கு,

எழுத்து கோழி கிளறினது போல் இருந்தால் பொறுத்துக்கொள், இடது கை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா தினமும் இடது கையால் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுத வேறு ஒன்றும் இல்லாததால் உனக்கு எழுதுகிறேன். வேறு நினைப்பு வேண்டாம்.

வண்டி யாருடையது? உன்னுடையது. ஓட்டியது யார்? நீ. நான் பின்னால் உட்கார்ந்திருந்த சரக்கு. சரக்கு வழி சொன்னது என்று ஓட்டினவள் சொன்னால் எவன் நம்புவான்?

அந்த வண்டி எங்கிருந்து வந்தது என்றும் நினைத்துப் பார். காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தால் நம் மீன் போகும் என்று ஊரே வெயிலில் ரோட்டில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். நீ போய் அந்தத் துறைமுகத்துக் கம்பெனியிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். அந்தச் சம்பளத்தில் வாங்கின வண்டி. நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் இஷ்டம் என்று விட்டேன். விட்டதுதான் தப்பு.

உனக்குக் கால் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கம்பி வைத்திருக்கிறார்கள், தை மாதத்தில் நடப்பாய். எனக்குக் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு அறுந்திருக்கிறது. கை இருக்கிறது, சட்டைக்குள் தொங்குகிறது. சூடு பட்டாலும் தெரியவில்லை. ராத்திரி மட்டும் எரிகிறது. எனக்குக் கைலி கட்டிவிடுவது அம்மா. இந்த வயதில் அம்மா முன்னால் நின்று கைலி கட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது கண்ணும் வாயும்தான். தண்ணீர் ஏறியதும் சிங்காரம் மாமா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். "கை இல்லாட்டி இன்னாடா, தரை சொல்லு, நாங்க கம்பு நடுறோம்"னு சொன்னார். வலை கட்ட நம் பாடு, நம் முறை வரும் நாளில் நான் முன்னால் உட்கார்ந்து காட்டுகிற இடத்தில் வலைக் கம்பை நடுகிறார்கள். என் பங்கு எனக்கு வருகிறது. தரை தெரிந்தவன் என்ற பேரில்தான் அந்த இடம் எனக்கு. அவனே தப்பான தரையைக் காட்டித் தங்கச்சியைக் குழியில் விட்டான் என்று தெரிந்தால் எவன் என் பேச்சைக் கேட்டுக் கம்பு நடுவான்?

உனக்கு வண்டி போனது. எனக்கு வாழ்க்கை. இரண்டும் ஒன்றல்ல. இனி இதைப் பற்றி எழுதாதே.

சுபாஷ்

&nbsp;

ஆரம்பாக்கம்
20.9.2024

அண்ணனுக்கு,

எழுதாதே என்றால் எழுதுவேன். என்னைப் பற்றித் தெரியாதா உனக்கு?

"உனக்கு வண்டி போனது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கலைவாணிக்கு என்ன போனது என்று கேட்டாயா? மூன்றாம் வீட்டுக் கலைவாணி, பள்ளிக்கூட டீச்சர், ஏரிக்குள் ஒரு நாளும் வண்டி இறக்காதவள், ஹெல்மெட் போட்டு முப்பதில் போகிறவள். அவள் ஸ்கூட்டி இப்போது வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. இரண்டு பஸ் மாறிப் பொன்னேரி போகிறாள். போன வாரம் பஸ் வராமல் லேட்டாகப் போய், ஹெட்மாஸ்டர் பிள்ளைகள் எதிரில் திட்டினாராம். என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள். உன்மேல் கோபப்படவில்லை, என்மேல்தான் கோபம். "நீ ஆடின ஆட்டத்துக்கு நாங்க பஸ்ல தொங்கறோம்டி" என்றாள்.  உன் இரண்டு வார்த்தைக்கு நான் வாங்கிய பரிசு அது.

சிங்காரம் மாமா பையன் பாலத்தின் மேல் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிறான். அவனுக்குச் சட்டம் இல்லை, அவன் ஆம்பிளைப் பிள்ளை. அவன் விழுந்தால் வண்டி வழுக்கிவிட்டது என்பீர்கள். நான் விழுந்தால் தடுமாறிவிட்டேன்.

கம்பெனியில் தை வரைக்கும் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷிப்டு முடியும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. வண்டி ஓட்டக் கூடாது என்றால் நான் வேலையை விட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதானே உட்கார்ந்திருந்தாய்? துறைமுகத்து வேலை போகட்டும் என்று உள்ளுக்குள் உனக்குச் சந்தோஷம் இல்லையா? இருந்தால் எழுது, நான் கோபப்பட மாட்டேன். ஏற்கனவே இருக்கிற கோபத்துக்கு மேல் கோபப்பட இடம் இல்லை.

இங்கே என் நிலைமையையும் கேள். சித்தி வீட்டு வாசலில் இரண்டே படி. வாக்கரை வைத்துக்கொண்டு பால் வாங்க அதில் இறங்குவதற்குள் பால்காரர் எதிர்வீட்டில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். "கண்ணு, ரெடியா?" என்று தினமும் கேட்கிறார். மனிதர் நல்லவர். அவர் கேட்கும்போதெல்லாம் வாக்கரைத் தூக்கி அடிக்கலாமா என்று தோன்றுகிறது.

தரை சொல்கிறாயாம், தரை. எந்தத் தரை? எனக்குச் சொன்னாயே, அந்தத் தரையா? சிங்காரம் மாமாவைக் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்.

தேவதர்ஷினி

&nbsp;

குப்பம்
4.10.2024

தர்ஷினிக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன். ஒரு கையால் கிழிக்க வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். அம்மா பார்த்து அழுதாள். சந்தோஷமா?

நேற்று அந்த இடத்துக்குப் போனேன். யாருக்கும் தெரியாது. இப்போது அங்கே முட்டிக்கு மேல் தண்ணீர். பக்கத்து வீட்டுச் சின்னப் படகை எடுத்துக்கொண்டு, கழியை அக்குளில் இடுக்கி, இடது கையால் தள்ளித் தள்ளிப் போனேன். படகு வட்டமடித்ததே தவிர நேராகப் போகவில்லை. யாராவது பார்த்திருந்தால் சிரித்துச் செத்திருப்பார்கள்.

நான் சொன்ன தரை அங்கேதான் இருக்கிறது. கழி தட்டுகிறது. சிப்பி படிந்த தரை, ணங் என்று கேட்கும். பத்து வயதிலிருந்து அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளி ஊன்றினேன். கழி போனது. போய்க்கொண்டே இருந்தது. கை தண்ணீருக்குள் போகிற வரைக்கும் போனது. அதைப் பிடுங்க முடியாமல் படகில் படுத்துக்கொண்டு இழுத்தேன்.

சுண்ணாம்புக்குச் சிப்பி வெட்டுகிறவர்கள் வெட்டியிருக்கிறார்கள். கோடைக்கு முன்னால் எப்போதோ வெட்டி, குழியில் சேறு வந்து மூடி, மேலே காய்ந்திருக்கிறது. போன மழைக்கு நான் ஊன்றியபோது அங்கே குழி கிடையாது. இருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. எவனோ வெட்டின குழிக்கு நான் என்ன செய்ய?

சரி. நேரா விடு என்று சொன்னேன். சொன்னேன், போதுமா? எழுதிவிட்டேன், வைத்துக்கொள். ஆனால் இதையும் சேர்த்து வைத்துக்கொள். நான் தோளைத் தட்டுவதற்கு முன்பே முள் எண்பதில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். "மெதுவா போடி"ன்னு முதலில் சொன்னேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். ரோட்டில் திருப்பம் வரும்போது நீ பிரேக் பிடிக்க மாட்டாய் என்று ஊரே சொல்லும். பேரைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எண்பதில் போனால் கல் தட்டினாலும் சாவுதான். குழி வேண்டியதே இல்லை.

அதனால் நீ கூட்டத்தைப் பற்றி எழுதுவதை நிறுத்து. இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். உன் வேலைக்கு வேறு வழி பார்க்கலாம். நான் சிங்காரம் மாமாவிடம் தனியாகப் பேசி உனக்கு மட்டும் அனுமதி வாங்கித் தருகிறேன்.

சுபாஷ்

&nbsp;

ஆரம்பாக்கம்
12.10.2024

அண்ணனுக்கு,

எனக்கு மட்டும் அனுமதியா? கலைவாணி பஸ்ஸில் தொங்க, நான் அவள் பக்கத்தில் வண்டியில் போக வேண்டுமா? நீ கொடுக்கும் லஞ்சத்துக்கு நன்றி. உன்னிடமே வைத்துக்கொள்.

எண்பது, ஆமாம். எண்பதுக்கு மேலேயே போயிருக்கும், நான் பார்க்கவில்லை. அதை நான் மறுத்ததே இல்லை. ஊர்க் கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். முப்பதில் போயிருந்தால் சக்கரம் புதைந்திருக்கும், இரண்டு பேரும் சேற்றில் விழுந்து, உன் மீசையில் ஒட்டின சேற்றைப் பார்த்து நான் சிரித்து, நீ என் தலையில் குட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருப்போம். குழி உன்னுடையது. எண்பது என்னுடையது. நான் என்னுடையதைச் சுமக்கிறேன். தினமும் அந்த இரண்டு படியில் இறங்கிச் சுமக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே. எதிர்வீட்டில் ஒரு பையன் காலையில் வண்டியை உதைத்துக் கிளப்புவான். அந்தச் சத்தம் கேட்டதும் என் வலது கை தானாக முறுக்குகிறது. போர்வையைப் பிடித்துக்கொண்டு முறுக்குகிறேன்.  ஏரியில் அன்றைக்குக் காற்று காதில் அறைந்தபோது இருந்த மாதிரி நான் வேறு எப்போதும் இருந்ததில்லை. இந்த உடம்போடும் அதை நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. கம்பி வைத்த பிறகும் ஆசை போகவில்லை என்றால் நான் எப்படிப்பட்டவள்? எனக்கு என் கைமேல்தான் பயம். சட்டம் போட வேண்டுமானால் இந்தக் கைக்குப் போட்டிருக்க வேண்டும். கலைவாணியின் கைக்கு ஏன் போட்டார்கள்?

நீ கழியை ஊன்றிப் பார்த்தாயே, அதைப் படித்தபோது ஒரு நிமிடம் உன்மேல் பரிதாபம் வந்தது. அடுத்த பாராவைப் படித்ததும் போய்விட்டது. உன் தரையில் குழி விழுந்தது தெரியாமல் பொய் சொன்னாய் என்று இதுவரை நினைத்தேன். இப்போது தெரிந்துகொண்டே சொல்லப் போகிறாய்.

ஐப்பசிக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். ஸ்டிக் வைத்துக்கொண்டு நடக்கிறேன் இப்போது. பெண்கள் கூட்டத்தில் பேசக் கூடாது என்பாய். உட்காரத்தானே இடம் கேட்க வேண்டும்? எனக்கு உட்காரவே வராது, நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போகிறேன்.

தேவதர்ஷினி

&nbsp;

குப்பம்
19.10.2024

வராதே.

நீ வந்து ஊர் எதிரில் என்னை அசிங்கப்படுத்தினால் அதோடு முடிந்தது. எனக்குத் தங்கச்சி இல்லை, உனக்கு அண்ணன் இல்லை. அம்மா செத்தால்கூட நான் ஒரு பக்கம் நிற்பேன், நீ ஒரு பக்கம் நில்.

சுபாஷ்

&nbsp;

குப்பம்
29.10.2024

தேவதர்ஷினிக்கு,

இதற்குள் கலைவாணி உனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் வாயால் எழுதுகிறேன். அவள் கூட்டிச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மழை. கோயில் கொட்டகையில் உட்கார்ந்தோம். நீ வருகிறாயா என்று நான் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தால் உன்னை வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று வாசல் பக்கமாக உட்கார்ந்தேன். பஸ் வருகிற நேரம் போனது, அடுத்த பஸ் நேரமும் போனது. நீ வரவில்லை. அப்பாடா என்று இருக்க வேண்டும். இல்லை. மழையிலேயே எழுந்துபோய் ரோடு வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த பாடு யாருக்கு என்று சீட்டுப் போட்டு எடுத்தார்கள். கூட்டம் முடிகிற மாதிரி வந்துவிட்டது. ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"இன்னாடா சுபாஷு, உனுக்கு இன்னா வேணும்?" என்றார் சிங்காரம் மாமா.

"பொண்ணுங்க வண்டி விஷயம் பேசணும்."

"அதான் அப்பவே முடிஞ்சி போச்சே."

"முடியல மாமா. அன்னிக்கி அவ தடுமாறல. கரைப் பக்கமாத்தான் வளைக்கப் பாத்தா. நான்தான் நேரா விடச் சொன்னேன். கட்டித் தரைன்னு நெனச்சேன், குழி."

  பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான். மாமா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார், "அது எங்களுக்குத் தெரியாதாடா? மறுநாளே போய்ப் பாத்தோம். வண்டித் தடம் நூல் புடிச்ச மாதிரி நேரா குழிக்குப் போயிருந்திச்சி. தடுமாறின வண்டி அப்டியா போவும்? அந்தப் பக்கம் எவன்டா நேரா போவச் சொல்வான், உன்னை வுட்டா?"

 "அப்ப படகுல என்னை முன்னால ஒக்கார வெச்சது?" என்றேன்.

"கை போனவன் வூட்ல சும்மா கெடந்தா பைத்தியம் புடிச்சிடும்னு ஒக்கார வெச்சோம். நீ காட்டுற எடத்துல உனுக்குத் தெரியாம ஒரு தபா குத்திப் பாத்துட்டுதான் கம்பு நட்டோம். தப்பா எடுத்துக்காத."

தப்பா எடுத்துக்கொள்ளக் கூடாதாம். இரண்டு மாதமாக நான் கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். பின்னால் நின்றவர்கள் எனக்குத் தெரியாமல் குத்திப் பார்த்திருக்கிறார்கள். நான் எதைக் காப்பாற்ற உன்னைக் குழியில் தள்ளினேனோ அது என்னிடம் ஒரு நாளும் இருக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சிக்கினே ஏன் என் தங்கச்சிமேல போட்டீங்க?" என்று கத்தினேன். மாமா நிதானமாகச் சொன்னார், "நாங்களா போட்டோம்? நீ சொன்னே. கூடப் பொறந்தவனே சொல்றான், நாங்க ஏன் மாத்திச் சொல்லணும்?"

அவர் சொன்னது சரிதான். 

அப்புறம் நான் உட்காரவில்லை. சட்டத்தை எடுக்கிற வரைக்கும் உட்கார மாட்டேன் என்று நின்றேன். கொஞ்சம் கெட்ட வார்த்தையும் பேசினேன். கடைசியில் முடிவானது இது. வற்றின ஏரிக்குள் வண்டியோடு இனி ஆணும் இறங்கக் கூடாது, பெண்ணும் இறங்கக் கூடாது, மாமா பையனும் சேர்த்துத்தான். ரோட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மறுநாள் காலையில் கலைவாணி ஸ்கூட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். நம் வீட்டு வாசலில் நிறுத்தி நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனாள். அம்மா பயந்து அரிசியைக் கொட்டிவிட்டாள்.

நான் படகுக்குப் போகவில்லை. மாமா ஆள் அனுப்பினார், வரவில்லை என்றேன். பொம்மையாக உட்கார எனக்கு இஷ்டம் இல்லை. இப்போது கரையில் பெண்களோடு உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரிக்கிறேன். இடது கையை இரண்டு தடவை கடித்துவிட்டது. வலது கையில் கடித்தால் வலிக்காது என்று அதை இடது கையால் தூக்கி வைத்துப் பார்த்தேன். நண்டு அதைத் தொடவில்லை.

நீ கேட்டது நடந்துவிட்டது. ஊரில் எனக்கு மரியாதை இல்லை, படகில் இடம் இல்லை, அவர்கள் சிரித்த சிரிப்பு காதிலேயே இருக்கிறது. எல்லாம் உன் பிடிவாதத்தால். திருப்திதானே?

வருகிறேன் என்று மிரட்டிவிட்டு ஏன் வரவில்லை? பயமா?

சுபாஷ்

&nbsp;

ஆரம்பாக்கம்
6.11.2024

அண்ணனுக்கு,

பயமும் இல்லை ஒன்றும் இல்லை. சேலை மாற்றி, ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு படியும் இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பழவேற்காடு போகிற பஸ் வந்து எனக்காக நின்றது. கண்டக்டர் ஏறும்மா ஏறும்மா என்று கத்தினார். நான் ஏறவில்லை. நான் வந்து சொன்னால் ஊருக்கு உண்மை தெரிந்திருக்கும், ஆனால் அது நான் சொன்னதாக இருந்திருக்கும். எனக்கு அது வேண்டாம் என்று அந்தப் படிக்கட்டைப் பார்த்தபோதுதான் தோன்றியது. நீ சொல்ல மாட்டாய் என்றே நினைத்தேன். சொல்லவில்லை என்றால் உன்னை ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம் என்று நினைத்துத்தான் திரும்பினேன். உன் மிரட்டலுக்காகத் திரும்பினேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

கலைவாணி போன் செய்தாள். கூட்டித்தான் சொன்னாள், நீ சிங்காரம் மாமா சட்டையைப் பிடித்தாய் என்றாள். ஒரு கையால் எப்படிப் பிடித்தான் என்று கேட்டதும் சிரித்துவிட்டாள்.

அவர்களுக்கு முதலிலேயே தெரியும், நீ சொன்னதில் பிரயோஜனம் இல்லை என்று புலம்பியிருக்கிறாய். நீ எழுந்தபோது அது உனக்குத் தெரியாது. படகில் உன் இடம் போய்விடும், தரை தெரிந்தவன் என்ற பேர் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுந்தாய். எல்லாம் போகும் என்று நினைத்தும் உண்மையைச் சொன்னாய். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஊர் என்ன நினைத்தால் எனக்கென்ன?

அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆடி மாதக் கூட்டத்தில் நீ பேசாமல் உட்கார்ந்திருந்தாய். அது அப்படியே இருக்கிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. "எல்லாம் உன் பிடிவாதத்தால்" என்று எழுதியதற்கும் நேரில் பதில் சொல்கிறேன்.

என் வண்டி பழவேற்காட்டில் சாதிக் பாய் ஷெட்டில் கிடக்கிறது. பார்ட் பார்ட்டாகப் பிரித்து விற்றுவிடச் சொல். கம்பெனிக்குக் கலைவாணி மாதிரி ஒரு ஸ்கூட்டி பார்த்துக்கொள்கிறேன். முறுக்கினாலும் அறுபதுக்கு மேல் போகாத பழைய வண்டியாக இருக்கட்டும். அதையும் நான்தான் ஓட்டுவேன், நீ பின்னால் உட்கார்ந்தால் வாயைத் திறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பழவேற்காடு பஸ்ஸில் படி ரொம்ப உயரம், ஆனாலும் நானே இறங்குவேன். கை கொடுக்கிறேன் பேர்வழி என்று அந்த ஒரு கையை நீட்டிக்கொண்டு வராதே. பார்க்க வேண்டுமானால் வந்து தள்ளி நில்.

தர்ஷி